அடித்தளம் போடாத கடைசிக் கேள்வி

வணக்கம் நேயர்களே.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் குற்றமும் நீதிமன்றமும் சேர்ந்த கதைகளுக்கு வாய்ப்பாடு வகுத்துக் கொடுத்த தொடர் 'லா அண்ட் ஆர்டர்'. 1990 செப்டம்பரில் என்பிசியில் தொடங்கியது. விளம்பரம் போக முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முன்பாதி போலீஸ், பின்பாதி அரசு வழக்கறிஞர்கள். துப்பறிவாளர் இருவர், அவர்களுக்கு ஒரு மேலதிகாரி. அந்தப் பக்கம் அரசு வழக்கறிஞர்களுக்குத் தலைவரான மாவட்ட அட்டர்னி, அவருக்குக் கீழே வழக்கு நடத்த இரண்டு பேர். ஆக ஆறு நாற்காலி. உட்காருகிற ஆள் மாறலாம், நாற்காலி மாறாது. அவர்களுடைய வீட்டுக்குள் கேமரா போவது அபூர்வம். கதை முழுக்க வழக்கைப் பற்றியது. அதுதான் இந்தத் தொடரின் பலமும்.

இந்தப் பலமே காலை வாரிவிட்ட ஓர் அத்தியாயம் உண்டு. 15ஆம் பருவத்தில், 2005 ஜனவரி 12 அன்று ஒளிபரப்பான 'எய்ன்ட் நோ லவ்'. இசை உலகைச் சேர்ந்த ஒரு கொலை வழக்கு. உதவி அரசு வழக்கறிஞர் செரீனா சதர்லினுக்கு, குற்றம் சாட்டப்பட்டவர்தான் கொன்றார் என்பதில் நம்பிக்கை இல்லை. வழக்கு முடிந்ததும் மாவட்ட அட்டர்னி ஆர்தர் பிராஞ்ச் அவரைக் கூப்பிட்டு வேலையிலிருந்து நீக்குகிறார். உன் மனம் எதிர்த்தரப்புக்கு வாதாடுகிற மனம், இந்த வேலைக்கு ஒத்துவராது என்பது அவர் சொல்லும் காரணம். உடனே செரீனா, நான் லெஸ்பியன் என்பதற்காகவா என்று கேட்கிறார். இல்லவே இல்லை என்கிறார் பிராஞ்ச். நல்லது என்கிறார் செரீனா. திரை இருள்கிறது.

செரீனா வந்தது 2001இல். மூன்றரை ஆண்டுகளாக வாராவாரம் பார்த்தவர்களுக்கே அவருடைய அந்தரங்க வாழ்க்கை பற்றித் தெளிவாக ஒரு வரிகூடச் சொல்லப்பட்டிருக்கவில்லை. நீதிமன்றத்தில் ஒரு கத்தியைச் சான்றாக வைக்க வேண்டுமானால், யார் எடுத்தது, எங்கே எடுத்தது, யார் கைமாறி வந்தது என்று சாட்சி மூலம் நிலைநாட்டிய பிறகுதான் ஜூரி கண்ணில் காட்ட முடியும். அந்த அடித்தளம் இல்லையென்றால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், நீதிபதி ஒதுக்கிவிடுவார். இங்கே எழுத்தாளர்கள் கத்தியை நேராக மேசையில் போட்டார்கள்.

அடித்தளம் போடுவது பெரிய வேலையும் இல்லை. அதே தொடரில் லெனி பிரிஸ்கோவைப் பாருங்கள். 1992இல் வந்த துப்பறிவாளர், குடியை விட்டவர். இதை யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. மதுக்கடையில் விசாரணைக்குப் போனால் சோடா கேட்பார், போகிற போக்கில் ஒரு கசப்பான கிண்டல் அடிப்பார், அவ்வளவுதான். 1996 மே மாதம் வந்த 'ஆஃப்டர்ஷாக்' அத்தியாயத்தில், ஒரு மரண தண்டனையை நேரில் பார்த்த அன்று அவர் மறுபடி குடிக்கிறார். நமக்கு நெஞ்சு அடைக்கிறது. அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் உதவி அரசு வழக்கறிஞர் கிளேர் கின்கெய்ட் விபத்தில் சிக்குவதோடு அத்தியாயம் முடிகிறது. அதுவும் ஒரு உதவி அரசு வழக்கறிஞரைத் தொடரை விட்டு அனுப்பி வைத்த கதைதான். நான்கு ஆண்டு முதலீடு அங்கே வட்டியோடு திரும்பி வந்தது.

செரீனா விஷயத்தில் எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு: அந்த ஒரு கேள்வி, நல்ல சண்டை ஒன்றை விழுங்கிவிட்டது. 1935இல் பெர்கர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசு வழக்கறிஞரின் அக்கறை வழக்கில் ஜெயிப்பதில் அல்ல, நீதி நடப்பதில் இருக்க வேண்டும் என்றது. குற்றவாளி இவர்தானா என்று சந்தேகப்பட்ட செரீனா தன் கடமையைத்தான் செய்தார். அதற்காகவா வேலை போக வேண்டும் என்பதே அந்த அறையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பிராஞ்ச் பக்கமும் வாதம் உண்டு. சொந்தத் தரப்பை நம்பாதவரை வைத்துக்கொண்டு ஜூரி முன் நிற்க முடியாது. இரண்டு பேரும் மோதியிருந்தால் அரை மணி நேரத்துக்குக் கதை இருக்கிறது.

சரி, அந்தக் கேள்வியை வைத்தே தீர வேண்டும் என்றாலும், அது சட்டப்படி என்ன கேள்வி என்றாவது யோசித்திருக்கலாம். பாலியல் நாட்டத்தைக் காரணம் காட்டி வேலையைப் பறிப்பதைத் தடுக்கும் நியூயார்க் மாநிலச் சட்டம் 2003 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் நகரில் அந்தத் தடை 1986 முதலே உண்டு. அப்படியிருக்க, வேலைநீக்கம் செய்த நிமிடத்தில் ஒரு வழக்கறிஞர் தன் மேலதிகாரியிடம் இதைக் கேட்டால் அது ஆதங்கம் மட்டுமல்ல, வழக்கின் முதல் வரி. பிராஞ்ச் வாழ்நாளெல்லாம் சட்டத்தில் ஊறியவர். இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்க மாட்டார். கதவைத் திறந்து சாட்சிக்கு ஒருவரை உள்ளே அழைத்திருப்பார், நீக்கத்துக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்திருப்பார்.