ராக்கெட் மேலே போனால் மட்டும் போதாது

வணக்கம் நண்பர்களே. 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. முதல் முறையாகக் கிளம்பியது பலருக்கு நினைவிருக்கும். மூன்று அடுக்குகளும் எரிந்து முடிந்தன. 356 கிலோமீட்டர் உயரத்தை எட்டியாயிற்று. இரண்டு செயற்கைக்கோள்களும் பிரிந்தன. அதில் ஒன்று ஆசாதிசாட், அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் சேர்ந்து உருவாக்கியது. ஆனால் இரண்டுமே சுற்றுப்பாதையில் நிற்காமல் கீழே இறங்கி அழிந்துபோயின. அவ்வளவு உயரம் போன பிறகு ஏன் விழ வேண்டும்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்பது முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதலில் உந்துவிசை. ராக்கெட் கீழே இருக்கும் காற்றைத் தள்ளித்தான் மேலே போகிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. எரியும் அறைக்குள் வாயு எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. இடப்பக்கச் சுவர் வாங்கும் அழுத்தமும் வலப்பக்கம் வாங்கும் அழுத்தமும் சமமாகிவிடும். மேலே சுவர் இருக்கிறது, கீழே திறப்பு இருக்கிறது. அப்போது மேல்சுவர் வாங்கும் தள்ளலுக்கு ஈடுகொடுக்கக் கீழே எதுவும் இல்லை. ராக்கெட்டைத் தூக்குவது அதுதான். ஒவ்வொரு தள்ளலுக்கும் சமமான எதிர்த் தள்ளல் உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே இப்படித்தான் வேலை செய்கிறது. வெளியே காற்றே இல்லாவிட்டால் இன்னும் நல்லது, வாயு தடையில்லாமல் வெளியேறும். எரிய ஆக்சிஜன் வேண்டுமே என்றால், அதையும் ராக்கெட்டே சுமந்து போகிறது. எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று அடுக்குகளிலும் இருப்பது திட எரிபொருள். அலுமினியத் தூளும் ஆக்சிஜன் தரும் உப்பும் ரப்பர் போன்ற ஒரு பொருளில் கலந்து கெட்டியாக்கப்பட்டிருக்கும். பற்றவைத்தால் முடியும்வரை எரியும், நடுவில் அணைக்க முடியாது.

சரி, மேலே போயாயிற்று. இங்கேதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

356 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்புவிசை இல்லாமல் போய்விடாது. தரையில் இருப்பதைவிட 10 சதவீதம்தான் குறைவு. அங்கே ஒரு பொருளைச் சும்மா விட்டால் முதல் நொடியிலேயே 4 மீட்டருக்குமேல் விழும். அது விழாமல் சுற்ற வேண்டுமென்றால் ஒரே வழி பக்கவாட்டு வேகம். நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடினால், அது 4 மீட்டர் விழும் அதே நொடியில் உருண்டையான பூமியின் பரப்பும் 4 மீட்டர் கீழே வளைந்துவிடும். விழுந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் தரை நெருங்காது. அந்த வேகத்தில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகாது.

இப்போது அந்த முதல் பயணத்துக்கு வாருங்கள். இரண்டாம் அடுக்கு பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில் முடுக்கத்தை அளக்கும் கருவிகளின் அளவு எல்லை தாண்டியது. கருவிகளே பழுது என்று ராக்கெட்டின் கணினி முடிவுசெய்து, அவற்றை நம்பாமல் இயங்கும் மாற்று முறைக்குப் போய்விட்டது. கடைசியில் வேகத்தைச் சரிசெய்ய வைத்திருந்த சிறிய திரவ எரிபொருள் பகுதி பயன்படாமலே போனது. வேகம் எவ்வளவு குறைந்தது தெரியுமா? ஏறத்தாழ ஒரு சதவீதம்! அது போதும். வட்டமாக இருக்க வேண்டிய பாதை ஒரு பக்கம் 356, மறுபக்கம் வெறும் 76 கிலோமீட்டர் என்று நீண்டுவிட்டது. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. அந்த வேகத்தில் காற்றில் நுழைந்தால் எதுவும் மிஞ்சாது.

அப்படியானால் கூடுதலாக எரிபொருள் நிரப்பிக்கொண்டால் என்ன? அந்த எரிபொருளையும் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும். 1903இல் ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு சொல்வது இதைத்தான். வேகத்தைக் கூட்டக் கூட்ட எடை அதைவிட வேகமாக ஏறிவிடும். அதனால்தான் அடுக்குகள். எரிந்து முடிந்த கூட்டைச் சுமக்காமல் கழற்றிவிட்டுப் போவது. அப்படியும் 120 டன் எடையுள்ள எஸ்.எஸ்.எல்.வி. 500 கிலோமீட்டர் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோவது 500 கிலோதான். அந்த 500 கிலோவில் ஒவ்வொரு கிலோவும் எவ்வளவு அருமையானது என்று யோசித்துப் பாருங்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினத்தில் ஏன் இன்னொரு ஏவுதளம் என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பூமியின் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் வழியில் இலங்கை. கழன்று விழும் அடுக்குகள் மக்கள்மேல் விழக்கூடாது. எனவே முதலில் தென்கிழக்கே போய், அப்புறம் திரும்ப வேண்டும். அந்த வேகத்தில் திசையைத் திருப்பவும் எரிபொருள்தான் செலவாகும். சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு, சுமக்க வேண்டிய செயற்கைக்கோளின் எடையில்தான் அதைக் கழிக்க வேண்டும். குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே முழுக்கக் கடல். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே அடிக்கல் நாட்டினார்கள்.

எஸ்.எஸ்.எல்.வி.யின் இரண்டாவது பயணம் 2023 பிப்ரவரி 10 அன்று வெற்றி. இரண்டாம் அடுக்கு பிரியும் அமைப்பை மாற்றியிருந்தார்கள். அதில் ஆசாதிசாட்-2 போனது, இந்த முறை 450 கிலோமீட்டர் சுற்றுப்பாதைக்கு, தேவையான வேகத்தோடு. அடுத்த வீடியோவில் மகேந்திரகிரியில் சோதிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் எஞ்சின் பற்றிப் பேசலாம். சந்திப்போம்.