கடைசி ஐம்பது மீட்டர்

நண்பர்களே, முதலில் நான்கு எண்களைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். 24.66, 28.22, 28.69, 29.16. தென் கொரியாவின் குவாங்ஜூ நகரில் 2019 ஜூலையில் நடந்த உலக நீச்சல் போட்டியில், ஹங்கேரியின் கிரிஷ்டோஃப் மிலாக் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஒவ்வோர் ஐம்பது மீட்டருக்கும் எடுத்துக்கொண்ட நொடிகள் இவை. கூட்டிப் பாருங்கள், 1 நிமிடம் 50.73 நொடி வரும். மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2009இல் ரோமில் வைத்த 1:51.51 என்ற உலக சாதனை அன்றோடு போயிற்று. மிலாக்குக்கு வயது 19.

2009 பாலியூரிதேன் நீச்சலுடைகள், அதாவது நீந்துபவரின் வேகத்தைக் கூட்டிய பிளாஸ்டிக் வகை உடைகள், கொடிகட்டிப் பறந்த ஆண்டு. 2010 முதல் அவற்றுக்குத் தடை. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை துணி உடை மட்டும்தான். மிலாக் முறியடித்தது அந்தத் துணி உடையில்.

முதல் எண்ணை விட்டுவிடுங்கள், அதில் மேடையிலிருந்து பாய்ந்த வேகம் கலந்திருக்கிறது. மற்ற மூன்றைப் பாருங்கள். இரண்டாவது ஐம்பதுக்கும் நான்காவதுக்கும் வித்தியாசம் ஒரு நொடிகூட இல்லை. இந்த நீச்சலில் இது ஏன் பெரிய விஷயம்? இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு மேலே தூக்கி முன்னால் வீச வேண்டும். ஒரு கைவீச்சுக்கு இரண்டு கிக். கைகள் உள்ளே இறங்கும்போது ஒன்று, பின்னால் தள்ளி வெளியே வரும்போது மற்றொன்று. களைத்தவுடன் அந்த இரண்டாவது கிக்தான் முதலில் செத்துப்போகும். கிக் போனால் தோள் எழும்பாது; மூச்சுக்காகத் தலையை அதிகம் தூக்க வேண்டிவரும்; தலை ஏறினால் இடுப்பு இறங்கும். இடுப்பு இறங்கிய உடம்பைத் தண்ணீர் சுவர் மாதிரி தடுக்கும். 150 மீட்டருக்குப் பிறகு பலர் நீந்துவதில்லை, தத்தளிக்கிறார்கள் என்றே சொல்வேன். மிலாக்கின் பலம் அங்கேதான் இருந்தது.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் குளத்தில் இறங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவருடைய நீச்சலுடை கிழிந்துவிட்டது. உடம்போடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய துணி, இழுத்து இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். வேறொன்றை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். கவனம் கலைந்தது, உலக சாதனை கைநழுவியது என்று பின்னர் அவரே வருந்தினார். வருந்தியவரின் நேரம் 1:51.25, ஒலிம்பிக் சாதனை! இரண்டாவதாக வந்த ஜப்பானின் ஹோண்டா 2.48 நொடி பின்னால். அடுத்த ஆண்டு புடாபெஸ்ட் உலகப் போட்டியில் சொந்த ரசிகர்கள் முன்னால் 1:50.34, புதிய உலக சாதனை.

2023 உலகப் போட்டிக்கு அவர் போகவில்லை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக், மறுபடியும் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதி.

அந்தப் பந்தயத்தைத் திரும்பப் பார்ப்பவர்கள் கடைசி டர்னில் கண்ணை வையுங்கள். 150 மீட்டரில் மிலாக் அரை நொடிக்கும் அதிகமாக முன்னால். இரண்டு கையாலும் சுவரைத் தொட்டுத் திரும்புகிறார், மேலே வந்து கைவீசத் தொடங்குகிறார். பக்கத்தில் பிரான்ஸின் லியோன் மார்ஷான் இன்னும் தண்ணீருக்கு அடியில். தலை வெளியே வர விதி தரும் எல்லை 15 மீட்டர். அலையே இல்லாத ஆழத்தில், சுவரை உதைத்த வேகம் தணியாமல், இரண்டு கால்களையும் சேர்த்து உதைக்கும் டால்ஃபின் கிக்கிலேயே அந்த எல்லையை நோக்கி வருகிறார். மேலே எழும்போது இடைவெளி குறைந்துபோயிருந்தது. மார்ஷானின் கடைசி ஐம்பது 29 நொடிக்குள், மிலாக்குக்கு 30ஐத் தாண்டியது. முடிவு: மார்ஷான் 1:51.21, மிலாக் 1:51.75. ஐந்தாண்டுக்கு முன் கடைசி ஐம்பதை 29.16இல் முடித்தவர் மிலாக்! மார்ஷான் அன்றிரவே 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கையும் வென்றார், அது தனிக்கதை.

மூன்று நாள் கழித்து 100 மீட்டர் பட்டர்ஃபிளை. டோக்கியோவில் இதில் 49.68 நீந்தியும் அமெரிக்காவின் டிரெசல் 49.45இல் உலக சாதனை படைத்ததால் மிலாக்குக்கு வெள்ளிதான் கிடைத்தது. பாரிஸில் அவர் நீந்தியது அதைவிட மெதுவாக, 49.90. கனடாவின் லியெண்டோ 49.99. தங்கம் மிலாக்குக்கு.