சட்டப் புத்தகத்தில் இன்னும் கிடக்கும் 21.06

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னே பேசிவிட்டு முன்வரிசையில் இன்னும் பொறுமையோடு அமர்ந்திருக்கும் மூத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே, விழாக் குழுச் செயலாளர் அம்மையார் அவர்களே, ஹூஸ்டன் வாழ் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

டெக்சஸில் பால்புதுமையினருக்கு, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோருக்கு, உள்ள உரிமைகளைக் குற்றச் சட்டம், திருமணம், வேலை என மூன்று பகுதிகளாகப் பேசும்படி பணித்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் மேடைதோறும் சொல்வதை நீங்கள் அறிவீர்கள். இன்றும் அதிலிருந்து தப்ப முடியாது.

1998 செப்டம்பர் 17 இரவு, இதே ஊரில், ஒரு குடியிருப்பில் ஒருவன் துப்பாக்கியோடு மிரட்டுகிறான் என்று காவல்துறைக்குத் தகவல் போனது. ஹாரிஸ் கவுண்டி ஷெரிப்பின் ஆட்கள் விரைந்து உள்ளே நுழைந்தார்கள். துப்பாக்கி எதுவும் அகப்படவில்லை; அகப்பட்டவர்கள் ஜான் லாரன்ஸ், டைரன் கார்னர் என்ற இரண்டு ஆண்கள். தகவல் பொய் என்று தெரிந்த பிறகும், இருவரும் உறவுகொண்டிருந்ததாகச் சொல்லி, ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கும், மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 21.06ஆம் பிரிவின்கீழ் அன்றிரவே சிறையில் அடைத்தார்கள். பொய் சொன்னவருக்கும் பின்னர் தண்டனை கிடைத்தது என்பது வேறு கதை. இவர்களுக்கு விதித்த அபராதம் தலைக்கு 200 டாலர். கட்டிவிட்டு வாய்மூடி வீட்டுக்குப் போயிருக்கலாம். நம்மில் பலர் அதைத்தான் செய்திருப்போம். அவர்களோ உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2003 ஜூன் 26 அன்று, ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

செல்லாத பிரிவைச் சட்டமன்றம் நீக்கியதா? இல்லை. ஏட்டுச் சுரைக்காய்தானே, கிடக்கட்டும் என்பார்கள். கருக்கலைப்பு உரிமையைக் காத்துவந்த ரோ தீர்ப்பு 2022இல் வீழ்ந்தபோது, ஐம்பது ஆண்டாக உறங்கிய கருக்கலைப்புத் தடைச் சட்டம் இனிச் செல்லும் என்று இம்மாநிலத் தலைமை வழக்கறிஞர் வாதாடியதை மறக்கலாமா? லாரன்ஸ் தீர்ப்பையும் மறுபரிசீலிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ் அப்போதே எழுதிவைத்தார். ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு 2005இல் மாநில அரசமைப்பில் எழுதிய தடையும் அப்படியே இருக்கிறது. அத்திருமணத்தை நாடெங்கும் ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்புதான் அதை முடக்கி வைத்திருக்கிறது.

வேலை உரிமைக்கு அதே நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு காவல் என்பதோடு நிறுத்துகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆஸ்டினில் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் வழக்கமாகக் கூடும், அதுவும் 140 நாள்தான். அது கூடுமுன், 21.06ஐ நீக்கக் கோரி உங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள். மாதிரிப் படி வாயிலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு முகவரியையும் எழுதுங்கள், நீங்கள் தொகுதிவாசி என்பது அங்கே தெரிய வேண்டும்.