டூப்ளிகேட் பொம்மை மேல ஏன் இவ்ளோ பைத்தியம்?

[திரையில்: ஒரு பொம்மைப் பெட்டியின் முன்பக்கம். பெயர் மட்டும் பெரிதாகிறது.]

பெட்டிக்குள்ள இருக்கறது ரோபோகாப் படத்துல வர்ற ரோபோ போலீஸ் மாதிரியேதான் இருக்கு. அதே கவசம், கண்ண மறைக்கிற அதே ஹெல்மெட். ஆனா பேரப் படிங்க: "ராபர்ட் காப்". இதப் பாத்ததும் பல பேரு ஒரு தடவ சிரிச்சுட்டு அடுத்த வேலயப் பாக்கப் போயிடுவாங்க. சில பேரு அங்கயே நின்னுடுவாங்க. இத செஞ்சது யாரு? இந்தப் பேர முடிவு பண்ணது யாரு? எந்த அச்சுல வார்த்தாங்க? எந்த நாட்டுக் குழந்தை இத வச்சு விளையாடுச்சு? இந்த வீடியோ அப்படி நின்னுபோனவங்களப் பத்தினது. நானும் அதுல ஒருத்தன்.

சேகரிக்கறவங்க இதுக்கு "பூட்லெக்"னு சொல்வாங்க. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ பொம்மை சேக்கறவங்க கிட்ட போனா "கே.ஓ."ன்னு, அதாவது "நாக்-ஆஃப்"னு சொல்வாங்க. நாம டூப்ளிகேட்னே வச்சுக்கலாம்.

முதல்ல அந்தப் பேரு விஷயம். ஒரு பொம்மைய மூணு சட்டம் காவல் காக்குது. பேருக்கும் லோகோவுக்கும் டிரேட்மார்க். செதுக்கின உருவத்துக்குக் காப்பிரைட். அது இயங்குற விதத்துக்குப் பேட்டன்ட். பேட்டன்ட் பொதுவா 20 வருஷத்துல முடிஞ்சிடும். மத்த ரெண்டும் ரொம்ப நாள் நிக்கும். பெட்டி மேல அசல் பேரு அச்சாகியிருந்தா சுங்கத்துல ஒரே பார்வைல மாட்டிக்கும். அதனாலதான் ஒரு எழுத்த மாத்துறது, பேரையே மாத்துறது எல்லாம். நமக்கு எழுத்துப்பிழையாத் தெரியறதுல பாதி வேணும்னே செஞ்சது.

[திரையில்: ஒரே அட்டையில் வரிசையாக நிற்கும் நாயகர்கள்.]

இது "சென்ஸ் ஆஃப் ரைட் அலையன்ஸ்"ங்கற டூப்ளிகேட் செட். சூப்பர்மேன், பேட்மேன் நிக்கற அதே வரிசைல கார்ட்டூன் படத்துல வர்ற பச்சை நிற ஷ்ரெக்கும் நிக்கறார். இவங்க வேற வேற கம்பெனியோட சொத்து. லைசென்ஸ் வாங்கி இப்படி ஒரு செட் போடணும்னா எத்தனை வக்கீல் எத்தனை மேசைல உக்காரணும்? ஆனா ஒரு குழந்தை விளையாடும்போது எந்தக் கம்பெனியோட கேரக்டர்னா பாக்குது? எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டி விளையாடும். அந்த விளையாட்ட அப்படியே அட்டைல ஒட்டி வித்தது டூப்ளிகேட்காரங்க மட்டும்தான். எனக்கு இதுமேல இருக்கிற பிரியம் அங்கதான் ஆரம்பிக்குது.

இப்ப கொஞ்சம் கிட்ட போவோம்.

[திரையில்: ஒரு பொம்மையின் பின்னங்கால், மிக நெருக்கத்தில்.]

அசலா டூப்ளிகேட்டானு பாக்க நான் மூஞ்சியத் திருப்பிப் பாக்க மாட்டேன், கால்லதான் ஆரம்பிப்பேன். 1978-லருந்து 1985 வரைக்கும் அமெரிக்காவோட கென்னர் கம்பெனி வித்த ஸ்டார் வார்ஸ் படப் பொம்மைங்கள்ல பெரும்பாலும் பின்னங்கால்ல குட்டி எழுத்துல வருஷமும் காப்பிரைட் வரியும் இருக்கும். டூப்ளிகேட்ல அந்த எடத்தத் தடவிப் பாத்தா ஒரு தழும்பு தட்டுப்படும். அச்சுல அந்த எழுத்த யாரோ சுரண்டியோ நிரப்பியோ மறைச்சிருக்காங்க. சில பொம்மைல சரியா மறைக்காம ரெண்டு மூணு எழுத்து மங்கலா மிஞ்சியிருக்கும். அத வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சுப் படிக்கறதுல ஒரு சந்தோஷம் இருக்கு பாருங்க, அத வார்த்தைல சொல்றது கஷ்டம்.

அடுத்தது அளவு. உருகின பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். ஏபிஎஸ்ங்கற கெட்டிப் பிளாஸ்டிக்னா சுமார் அரை சதவீதம், மெத்துனு இருக்கிற பிவிசி பிளாஸ்டிக்னா அதவிட அதிகம். அசல் கம்பெனி இந்தக் கணக்கப் போட்டு எஃகு அச்ச கொஞ்சம் பெருசாவே வெட்டும். டூப்ளிகேட் செய்யறவருக்கு அந்த அச்சு கிடைக்காது. கடைல வித்த பொம்மையத்தான் அச்சு எடுப்பாரு. ஏற்கனவே ஒரு தடவ சுருங்கின பொம்மை, மறுபடியும் சுருங்கும். கென்னர் பொம்மையோட உயரம் 3.75 அங்குலம், அதாவது சுமார் 9.5 சென்டிமீட்டர். 2 சதவீதம் சுருங்கினா கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் குறையும். ரெண்டையும் பக்கத்துல நிக்க வச்சா தோள் மட்டத்துலயே தெரிஞ்சிடும். அந்த டூப்ளிகேட்டப் பாத்து இன்னொருத்தர் அச்சு எடுத்தா இன்னும் குட்டியாகும், விரல் எல்லாம் ஒட்டிக்கும், மூக்கு மழுங்கிடும். நகலுக்கு நகல்னு எத்தனை கை மாறியிருக்குன்னு பொம்மையோட மூஞ்சியே சொல்லிடும்.

அப்புறம் கண்ணு. அசல்ல பெரும்பாலும் மெத்தான சிலிகோன் பேட் ஒண்ணு மையத் தொட்டு, பொம்மை மூஞ்சில வந்து அழுத்தும். ஒவ்வொரு பொம்மைலயும் ஒரே எடத்துல கண்ணு விழும். டூப்ளிகேட்ல பல சமயம் பிரஷ்தான், இல்லன்னா ஓட்டை போட்ட தகடு வச்சு ஸ்ப்ரே. தகடு நகந்தா கண்ணு கன்னத்துக்கு வந்துடும். எல்லாரும் இதக் கிண்டல் பண்றாங்க. எனக்குக் கிண்டல் பண்ணத் தோணல. அவசர அவசரமா குமிச்சு வச்ச பொம்மைங்களுக்கு நடுவுல உக்காந்து ஒருத்தங்க கையால வச்ச புள்ளி அது. அசல் பொம்மைல மனுஷக் கை பட்டது தெரியவே கூடாதுன்னு பாடுபடறாங்க. இதுல அந்தக் கை அப்படியே நிக்குது.

[திரையில்: ஐரோப்பிய வரைபடம். துருக்கி, போலந்து, ஹங்கேரி ஒளிர்கின்றன.]

1980கள்ல ஸ்டார் வார்ஸ் உலகம் பூரா பேசப்பட்ட படம். ஆனா அந்தப் பொம்மைங்க எல்லா நாட்டுக் கடைக்கும் போகல. போலந்து, ஹங்கேரி மாதிரி கம்யூனிச ஆட்சி நடந்த நாடுகள்ல அசல் பொம்மை கிடைக்கறது ரொம்ப அபூர்வம். அங்க சின்னச் சின்னப் பட்டறைங்க தாங்களே வார்க்க ஆரம்பிச்சாங்க. கிடைச்ச பிளாஸ்டிக், கிடைச்ச நிறம். படத்துல வெள்ளையா வர்ற ஆளு இங்க வேற நிறத்துல நிப்பாரு.

துருக்கில அந்தப் பத்து வருஷம் முடியற சமயத்துல எஸ்பி புராடக்ட்னு ஒருத்தங்க "உசாய்"ங்கற பேர்ல ஒரு வரிசையே விட்டாங்க. அட்டைல "ஸ்டார்ஸ்வார்"னு ஒட்டுக்கா எழுதியிருக்கும். அதுல வந்த "ஹெட் மேன்", "ப்ளூ ஸ்டார்ஸ்" ரெண்டுக்கும் இன்னிக்கு சேகரிக்கறவங்க நடுவுல அடிதடி. பல அசல் கென்னர் பொம்மைய விட இதுக்கு விலை அதிகம். பழைய பொம்மைனு மட்டும் இத நான் பாக்கல. அசல் போய்ச் சேராத ஊர்ல குழந்தைங்க எதுக்கு ஆசப்பட்டாங்கங்கறதுக்கு இதத் தவிர வேற சாட்சி ரொம்பக் கம்மி. கம்பெனி ஆவணத்துல அந்தக் குழந்தைங்க கிடையாது.

அசல்னு நாம கும்பிடறதும் எங்கருந்தோ வந்ததுதான். பிரிட்டன்ல ஹிலாரி ஃபிஷர் பேஜ் 1940கள்லயே கிட்டிகிராஃப்டுங்கற பேர்ல ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிற பிளாஸ்டிக் கட்டை வித்தாரு. அதப் பாத்துதான் டென்மார்க்ல லெகோ 1949-ல தன்னோட முதல் கட்டையச் செஞ்சது. அடில குழாய் வச்சு இறுக்கமாப் பிடிக்க வச்சது லெகோவோட சொந்த வேலை. 1958 ஜனவரி 28 அன்னிக்கு அதுக்குப் பேட்டன்ட் கேட்டாங்க. கிட்டிகிராஃப்ட் கட்டையோட உரிமைய லெகோ விலைக்கு வாங்கினது 1981-லதான்.

அந்தப் பேட்டன்ட் எப்பவோ முடிஞ்சுபோச்சு. கட்டையோட வடிவத்த டிரேட்மார்க்கா வச்சுக்க முடியாதுன்னு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010-ல சொல்லிடுச்சு. அதனால லெகோவோட சேர்ற கட்டைய யார் வேணா செய்யலாம், அது குற்றமில்ல. சீனாவுல லெகோ செட்ட நகலெடுத்து வித்த லெபின் மாட்டினது வேற எடத்துல: செட்டோட வடிவமைப்பு, பெட்டிப் படம், குட்டி மனுஷங்க எல்லாத்தையும் அப்படியே எடுத்தாங்க. 2019 ஏப்ரல்ல ஷாங்காய் போலீஸ் பிடிச்ச சரக்கோட மதிப்பு 20 கோடி யுவானுக்கு மேல. அடுத்த வருஷம் முக்கியக் குற்றவாளிக்கு 6 வருஷ ஜெயில், 9 கோடி யுவான் அபராதம். இந்தத் தண்டனை சரினுதான் நான் நெனக்கிறேன். அசல் எட்டாத ஊர்ல பட்டறை வச்சு வார்த்ததும், விக்கற செட்ட அப்படியே உருவி ஆலை ஆலையா அடிச்சதும் எனக்கு ஒண்ணு கிடையாது.

[திரையில்: பல்லைக் காட்டும் உரோமப் பொம்மை, இரண்டு. ஒன்றின் வாய் கோணல்.]

இப்போதைய கதை லபுபு. காசிங் லுங்ங்கற ஓவியர் 2015-ல வரைஞ்ச உருவம். பொம்மையா உலகம் பூரா கொண்டுபோனது பாப் மார்ட்ங்கற சீன பொம்மைக் கம்பெனி. அசலுக்கு 9 பல்லு. டூப்ளிகேட்டுக்கு "லஃபுஃபு"ன்னு ஜனங்களே பேரு வச்சு, கோணலா இருக்கறதத் தேடித் தேடி வாங்கறாங்க. அந்தப் பாசம் எனக்குப் புரியுது. ஆனா 2025 ஆகஸ்ட்ல அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இந்தப் போலி லபுபுவப் பத்தி எச்சரிக்க விட்டுச்சு: உடைஞ்சு விழற துண்டு குழந்தையோட தொண்டைல அடைக்கும்.

இதத்தான் அழுத்திச் சொல்லணும்னு இருந்தேன். பொம்மை சோதனைல ஒரு சின்ன உருளை இருக்கு: உள் விட்டம் 31.7 மில்லிமீட்டர், ஆழம் 25.4-லருந்து 57.1 வரைக்கும் சாய்வா போகும். மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கான பொம்மையோ, அதுலருந்து கழண்ட துண்டோ இதுக்குள்ள முழுசா அடங்கிட்டா தோல்வி. ஐரோப்பிய ஒன்றியத்துல, பிளாஸ்டிக்க மெத்துனு ஆக்கற சில தாலேட்டுகள் பொம்மைல 0.1 சதவீதத்தத் தாண்டக் கூடாது. அமெரிக்காவுல பெயிண்ட்ல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்கத் தாண்டக் கூடாது. டூப்ளிகேட் பொம்மை இந்த மேசைக்கே வர்றதில்ல. 1984-ல கேபேஜ் பேட்ச்ங்கற குழந்தை உருவப் பொம்மைக்கு அமெரிக்கா அலைஞ்சப்ப வந்த போலிங்கள்ல மண்ணெண்ணெய் வாடை அடிச்சது. பட்டுனு தீப்பிடிக்கும்னு அரசாங்கமே எச்சரிச்சது.

அதனால என்னோட டூப்ளிகேட் எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரில, மேல்தட்டுல. எந்தக் குழந்தைக்கும் கைல குடுக்க மாட்டேன், கேட்டு அழுதாலும். பிசுபிசுனு வேர்க்க ஆரம்பிச்ச பிவிசி பொம்மைய மத்ததோட ஒட்டி வைக்காதீங்க. உள்ள இருக்கிற பிளாஸ்டிசைசர், அதாவது பிளாஸ்டிக்க மெத்துனு ஆக்கற பொருள், வெளிய கசியறதுதான் அந்தப் பிசுபிசுப்பு, பக்கத்துப் பொம்மையோட பெயிண்ட்டயும் அது கெடுக்கும்.

புதுசா சேக்க ஆரம்பிக்கறவங்களுக்கு இன்னும் ஒண்ணு. உசாய் வரிசைக்கு விலை ஏறினதும் அதுக்கே டூப்ளிகேட் வந்துடுச்சு. அதனால அட்டையோட முன்பக்கப் படத்த மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீங்க. அட்டையோட ஓரம், பிளாஸ்டிக் கூடு ஒட்டின பசை, பின்னங்கால் தழும்பு, இந்த மூணுக்கும் கிட்ட எடுத்த படம் கேளுங்க. தரமாட்டேன்னா விட்டுடுங்க.