தந்தத்தின் ஒளியில் பெண்முகங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மென்மையும் அலங்காரமும் மிக்க கலைப் பாணியான ரோகோகோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுபவை பிரெஞ்சு மாளிகைகளும் அவற்றின் சுவர்களில் சுருண்டு நெளியும் பொன் வேலைப்பாடுகளுந்தாம். ஆனால் அதே காலத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் எழுதப்பட்ட பெண்களின் உருவப்படங்களிலேயே அப்பாணியின் உயிர்நிலை கூடுதலாகத் தெரிகிறது என்பது என் துணிபு. அதற்குச் சான்றாக வெனிஸ் நகரத்து ரோசால்பா கரியேராவின் சிற்றோவியங்களை எடுத்துக்கொள்கிறேன்.

1673இல் பிறந்த ரோசால்பா, மூக்குப்பொடி டப்பிகளின் மூடிகளில் படம் எழுதித் தொழிலைத் தொடங்கியவர். அதுவரை ஐரோப்பியச் சிற்றோவியர்கள் பெரும்பாலும் பதப்படுத்திய கன்றுத்தோலின் மேல்தான் எழுதினர். அதற்கு மாற்றாக, மெல்லியதாகச் சீவிய யானைத் தந்தத் தகட்டைப் பயன்படுத்தத் துணிந்த முதல்வர்களுள் ஒருவராக அவரைக் கலை வரலாறு குறிப்பிடுகிறது. இது எளிய மாற்றமன்று. தந்தத்தின் பரப்பு நீர்வண்ணத்தை எளிதில் உறிஞ்சாது; அதில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. எனவே பரப்பைத் தேய்த்து, பசை போக்கி, வெளிறச் செய்த பிறகே, பிசின் கலந்த நீர்வண்ணத்தைத் தொட்டுவைக்க முடியும். அப்போதும், இட்ட வண்ணத்தின் மேல் ஈரத் தூரிகை ஒரு கணம் தங்கிவிட்டால் அடியில் இருப்பது கரைந்து மேலெழுந்துவிடும். அதனால் முகம் முழுவதையும் புள்ளிகளாலும் மயிரிழைக் கோடுகளாலுமே கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

இத்தனை சிரமத்தையும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றே: தந்தத்தின் நிறம் தோலின் நிறத்தை ஒத்திருந்தது, அதன் மேல் இட்ட ஒளி ஊடுருவும் மென்வண்ணத்தின் வழியே அந்த வெண்மை உள்ளிருந்து கசிந்தது. கன்னத்திலும் தோளிலும் அவர் வண்ணத்தைச் சிக்கனமாக வைத்து, பட்டாடைக்கும் பூவுக்கும் மட்டும் அடர்ந்த வண்ணத்தை இடுவது வழக்கம். மாவு தூவிய சாம்பல் நிறக் கூந்தல், அதில் செருகிய சிறு மலர், செம்மையூட்டிய கன்னம், தோளிலிருந்து சற்றே நழுவும் ஆடை ஆகியவை அக்காலப் பெண்படங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. எல்லா முகங்களும் ஒன்றுபோல் உள்ளன என்ற குறை கூறப்படுவதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் வெனிஸ் அழகியரின் படங்களை அவரிடம் எழுதச் சொன்னபோது, அரசர் நாடியது தனித்தனிக் குணங்களை அன்று, அழகின் தொகுப்பைத்தான் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆயினும் உதட்டோரத்திலும் இமை தாழும் விதத்திலும் ரோசால்பா வேறுபாட்டை ஒளித்துவைத்தார். கண்ணருகே பிடித்துப் பார்த்தவர்களுக்கே அது புலப்பட்டிருக்கும்.

புறாவை ஏந்திய இளம்பெண்ணைத் தந்தத்தில் எழுதி அனுப்பியே, 1705இல் உரோமையின் புனித லூக்கா கலைக்கழகத்தில் அவர் இடம்பெற்றார். டப்பி மூடியில் பிழைப்புக்காகத் தொடங்கிய கைவேலை, ஆண்கள் நிறைந்த அவையில் தகுதிச் சான்றாக ஏற்கப்பட்டதை நான் பெரிதாகக் கருதுகிறேன். 1720இல் பாரிசின் அரச கலைக்கழகமும் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதற்குள் அவர் பேஸ்டல் என்னும் உலர்வண்ணக் குச்சிகளால் தீட்டும் ஓவியத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தார். தந்தத்தில் எழுதும் முறையோ ஐரோப்பாவெங்கும் பரவிற்று. பாரிசில் பணியாற்றிய சுவீடன் நாட்டு பீட்டர் அடால்ஃப் ஹால், புள்ளிகளைத் தளர்த்தி, எண்ணெய் ஓவியம் போன்ற துணிச்சலான தீற்றல்களைக் கொண்டுவந்தார். ஆங்கிலேயரான ஜான் ஸ்மார்ட் 1785 முதல் பத்தாண்டுகள் நம் சென்னையிலேயே தங்கித் தந்தத்தில் எழுதினார் என்பதையும் இடையே சொல்லிவைக்கிறேன். தம் படத்தை எழுதுவிக்க அவர் முன் அமர்ந்தவர்களுள் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியும் ஒருவர்.

இன்று அருங்காட்சியகங்களில் இப்படங்களைக் காண்போர், அவற்றின் வெளிறிய தன்மையையே ரோகோகோவின் மென்மை என்று எடுத்துக்கொள்கின்றனர். ஒளி பட்டால் எளிதில் மங்கிவிடும் செந்நிறங்கள்தாம் கன்னத்துக்கும் உதட்டுக்கும் பெரிதும் பயன்பட்டன. காற்றின் ஈரப்பதம் மாறினால் தந்தத் தகடு வளைந்து வெடிக்கவும் கூடும். மங்கிய விளக்கொளியிலும் இழுப்பறைகளிலும் அவற்றை வைத்திருப்பது இதனால்தான். வெளிறிப்போன அத்தகைய கன்னங்களில் அன்று இருந்த சிவப்பு, இன்று நாம் காண்பதைவிடத் துணிவானது.