முன்சீப் வேதநாயகம் பிள்ளையைப் படிக்கறவங்க கோர்ட்டுல தமிழையும் கேக்கணும்

(மயிலாடுதுறையில வாசகர் வட்டக் கூட்டத்துல பேசினது, கேட்டவங்களுக்காக எழுதிக் கொடுத்தது)

எல்லாருக்கும் வணக்கம். கூட்டத்துக்குத் தலைமை ஏத்திருக்கற தமிழாசிரியர் ஐயா அவர்களே, ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம நமக்காகச் சாவியோட வந்து நிக்கற நூலகர் அம்மா அவர்களே, பூசை முடிஞ்ச கையோட நேரா இங்க வந்திருக்கற பங்குத்தந்தை அவர்களே, நகராட்சி உறுப்பினர் அவர்களே, வக்கீல் சங்கத்துல இருந்து வந்து முன் வரிசையில உக்காந்திருக்கற மூத்த வழக்கறிஞர்களே, இந்த வட்டம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு கூட்டம் விடாம வர்ற பெரியவங்களே, அக்கா தங்கச்சிகளே. யார் பேரையாவது விட்டிருந்தா மன்னிக்கணும், உங்க எல்லாராலயும்தான் இந்த வட்டம் நடக்குது. போன தடவை மைக்கு செட்டைச் சும்மாவே கொடுத்த தம்பி இன்னிக்கும் கொடுத்திருக்காரு, அவருக்கும் ஒரு கைதட்டல் கொடுத்துடுங்க.

நம்ம மயிலாடுதுறைக்குப் பழைய பேரு மாயூரம், இது அந்த மாயூரத்து ஆளுக்கான கூட்டம். 1826 அக்டோபர் 11-ஆம் தேதி திருச்சிப் பக்கம் குளத்தூர்ல பொறந்தவர், கத்தோலிக்கக் கிறிஸ்தவர், ஆனா ஊரு அவரை மாயூரம் வேதநாயகம் பிள்ளைன்னுதான் கூப்பிடுது. அவரு பொறந்து 200 வருஷம் நிறையற வருஷம் இது. அதனால மூணு விஷயம் பேசணும்னு வந்திருக்கேன். ஒண்ணு அவரோட நாவல், ரெண்டு கீர்த்தனை, மூணு பொம்பளப் புள்ளைங்க படிப்புக்காக அவரு எழுதினது.

நாவல்னா உங்களுக்கே தெரியும், 1879-ல அச்சான பிரதாப முதலியார் சரித்திரம், தமிழ்ல வந்த முதல் நாவல். தமிழ்ல வசன நூல் இல்லையேங்கற குறையைத் தீக்கத்தான் எழுதறேன்னு முன்னுரையிலயே சொல்லிட்டாரு. செய்யுள் மட்டுமே பெருமைன்னு இருந்த காலத்துல, அந்தச் செய்யுள்லயே நீதி நூல் எழுதிப் பேர் வாங்கின ஒருத்தர் வசனத்துக்கு வந்தது எவ்வளவு பெரிய துணிச்சல்னு யோசிச்சுப் பாருங்க. எங்க பாட்டி அடிக்கடி சொல்லும், சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு. வேதநாயகம் பிள்ளை செஞ்சது அதான், சட்டியில முதல்ல போட்டு வெச்சாரு, இன்னிக்கு வரைக்கும் நாம மொண்டு சாப்பிடறோம்.

அதுல ஞானாம்பாள்னு ஒரு பொண்ணு. ஆம்பளை வேஷத்துல இருக்கறப்ப விக்கிரமபுரியில பட்டத்து யானை மாலை போட்டு ராஜாவாயிடறா. நம்ம வட்டத்துல அந்த இடத்தைச் சத்தமாப் படிச்சப்போ சின்னப் பசங்கள்லாம் எந்திரிச்சு நின்னுட்டாங்க. அவ ஆட்சி பண்ற விதத்தை வாசிக்கறப்ப எனக்கு ஒண்ணுதான் தோணும், இது கோர்ட்டுக்குள்ள பல வருஷம் உக்காந்து பாத்த மனுஷன் எழுதினது. ஆமா, அவரு முதல்ல திருச்சி கோர்ட்டுல ஆவணக் காப்பாளரா இருந்தவர், அப்புறம் மொழிபெயர்ப்பாளர், 1857-ல தரங்கம்பாடியில முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதி, பெறகு சீர்காழி, பெறகு நம்ம மாயூரம். சனங்க சொல்றது ஒரு பாஷை, தாள்ல ஏர்றது இன்னொரு பாஷை, நடுவுல என்னென்ன காணாமப் போகும்னு அவரை விட யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

அதனாலதான் அந்த நாவல்லயே தேசபாஷையைப் பத்தி ஒரு அதிகாரம் வெச்சாரு. கட்சிக்காரன் தமிழன், வக்கீல் தமிழன், நியாயாதிபதி தமிழன், அப்புறம் எதுக்கய்யா இங்கிலீஷ்ல வாதம்னு வெளுத்து வாங்கறாரு. வெறும் பேச்சோட விடல. 1805-ல இருந்து 1861 வரைக்கும் இங்கிலீஷ்ல இருந்த மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-லயே சித்தாந்த சங்கிரகம்னு புத்தகமாப் போட்டாரு! அப்ப டைப் மிஷின் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, சட்டத் தமிழ் அகராதின்னு கையில ஒண்ணும் கிடையாது. ஒரு உத்தியோகஸ்தர் ராத்திரியில விளக்கு வெச்சு உக்காந்து செய்யற வேலையா அது? செஞ்சாரே.

இங்க ஒரு சம்பவம் சொல்லணும், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

அந்தத் தேசபாஷை அதிகாரத்தைப் படிச்ச அன்னிக்கு நம்ம கூட்டத்துக்கு ஒரு பாட்டி வந்திருந்தாங்க. பேரனைக் கொண்டாந்து விட வந்தவங்க, வெயிலுக்குப் பயந்து கடைசி பெஞ்சுல ஃபேனுக்கு அடியில உக்காந்துட்டாங்க, மடியில ஒரு துணிக்கடைப் பை. நம்ம ஆசிரியர் ஐயா படிக்கறாரு, இங்கிலீஷ் தெரியாத கட்சிக்காரனோட கதியைப் பத்தி வருது. பாட்டி மெல்ல நகர்ந்து நகர்ந்து முன்னாடி வந்துட்டாங்க. படிச்சு முடிச்சதும் எல்லாரும் டீ குடிக்கப் போறப்ப பையிலேருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்து, "தம்பி, இதையும் அதே மாதிரி சத்தமாப் படிச்சுச் சொல்லுங்களேன்"னாங்க. பாத்தா ஹைகோர்ட்டுத் தீர்ப்பு நகல், முழுக்க இங்கிலீஷ். வயலுக்குப் போற வழியைப் பக்கத்து நெலத்துக்காரர் வேலி போட்டு அடைச்சுட்டாராம், கீழ்க்கோர்ட்டுல ஆரம்பிச்சு அப்பீல் மேல அப்பீலாப் போய் மெட்ராஸ்ல முடிஞ்சிருக்கு. அந்தத் தாள்ல பாட்டிக்கு அடையாளம் தெரிஞ்சது ரெண்டே ரெண்டுதான், சர்வே நம்பரு, அப்புறம் பேரன் விரலை வெச்சுக் காட்டிக் கொடுத்த அவங்க வீட்டுக்காரர் பேரு. வீட்டுக்காரர் தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு.

நம்ம கூட்டத்துக்கு வர்ற வக்கீல் பொண்ணு ஒண்ணு இருக்கு, அது தரையிலயே உக்காந்து ஒவ்வொரு பாராவாத் தமிழ்ல சொல்லிச்சு. டீ ஆறிப் போச்சு, யாரும் எந்திரிக்கல. கடைசியில என்னன்னா பாட்டி ஜெயிச்சிருக்காங்க! எதிராளியோட அப்பீல் தள்ளுபடி, வேலியை எடுக்கணும், வழி விடணும், எல்லாம் எழுதியிருக்கு. "கேஸு முடிஞ்சிருச்சு"ன்னு மட்டும் யாரோ சொல்லியிருக்காங்க, முடிஞ்சிருச்சுன்னா தோத்துட்டோம்னு நெனச்சு இத்தனை காலமும் அந்தம்மா நாத்துக்கட்டைத் தலையில வெச்சுகிட்டு வாய்க்காலைச் சுத்திப் போயிட்டு இருந்திருக்காங்க. ஜெயிச்ச வழியில நடக்காம! கேட்டுட்டு அழுவாங்கன்னு பாத்தேன், அழல. "அந்த வேலியை எடுக்கணும்னு எழுதியிருக்கற இடத்தை மட்டும் இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு"ன்னாங்க. சொல்லிச்சு. இன்னொரு வாட்டின்னாங்க. அந்தப் பொண்ணு அலுக்காமத் திரும்பச் சொல்லிச்சு. பாட்டி போனதுக்கு அப்புறம் நாவலைத் திரும்ப எடுத்துப் படிக்க யாருக்கும் மனசு வரல.

அதுல இருந்து எனக்குக் கீர்த்தனையைப் பத்திப் பேசினாலும் மனசு கோர்ட்டுக்கே போயிடுது. 1878-ல வந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள், பேரைக் கேட்டாலே போதும், எந்தக் கோயிலுக்குப் போறவரும் பாடலாம். தாது வருஷப் பஞ்சத்துல கைக்காசைச் செலவு பண்ணிக் கஞ்சி ஊத்தினவர் அவரு, அதைப் பாத்துட்டு நந்தனார் சரித்திரம் பாடின கோபாலகிருஷ்ண பாரதியாரே அவரைப் புகழ்ந்து பாடினாரு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர் மேல குளத்தூர்க் கோவைங்கற செய்யுள் நூலைப் பாடினாரு. சைவப் பெரும்புலவர் ஒரு கிறிஸ்தவர் மேல கோவை பாடின ஊர் இது. பங்குத்தந்தை முன்னாடி இதைச் சொல்றதுல எனக்கு ரொம்ப சந்தோசம். இதுக்குன்னே தனியா ஒரு கூட்டம் போடணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன், இங்க வக்கீல்கள் இருக்கறதால கவனமாச் சொல்றேன். கீழ்க்கோர்ட்டுல தமிழுக்குச் சட்டத்துல இடம் இருக்கு, 1956 ஆட்சிமொழிச் சட்டத்துக்கு 1976-ல திருத்தம் வந்து சாட்சியம், தீர்ப்பு எல்லாம் தமிழ்ல எழுத வழி பண்ணாங்க. ஹைகோர்ட்டுக்கு மட்டும் அரசியல் சட்டம் 348-வது பிரிவு இங்கிலீஷ்னு சொல்லுது. ஆனா அதே பிரிவோட ரெண்டாம் உட்பிரிவு என்ன சொல்லுது? ஜனாதிபதி முன்கூட்டியே சம்மதிச்சா, மாநில மொழியை ஹைகோர்ட்டு நடவடிக்கைகள்ல பயன்படுத்த கவர்னர் அனுமதி கொடுக்கலாம். தீர்ப்புக்கும் 1963 ஆட்சிமொழிகள் சட்டத்தோட 7-வது பிரிவு வழி விடுது, கூடவே இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இருக்கணும், அவ்வளவுதான். ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஹைகோர்ட்டுகள்ல இந்த வழியிலதான் இந்தி நடக்குது. நம்ம சட்டசபை 2006-லயே தீர்மானம் போட்டுக் கேட்டுச்சு, கிடைக்கல. நாலு மாநிலத்துக்கு ஆகுறது நமக்கு ஏன் ஆகாது?

தமிழ்ல சட்டச் சொல் பத்தாதுன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடிக்கிட்டிருக்கு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்னு என் பழமொழியையே என்கிட்ட திருப்பிச் சொன்னவங்களும் உண்டு. அவங்களுக்கு நான் சொல்றது, சட்டி நெறைய இருக்கு, 1862-லயே ஒரு மனுஷன் போட்டு வெச்சிட்டுப் போயிட்டாரு, அகப்பையைத்தான் யாரும் உள்ள விடல. சுப்ரீம் கோர்ட்டே 2019-ல இருந்து தீர்ப்புகளை மாநில மொழிகள்ல மொழிபெயர்த்து வெளியிடுது, அதுல தமிழும் இருக்கு. மொழிபெயர்க்க முடியற பாஷையில வாதாட மட்டும் முடியாதா?

பெண் கல்வி பத்தி, 1869-ல வந்த அவரோட பெண்மதி மாலைங்கற புத்தகம் பத்திச் சொல்றேன்னு சொன்னேன். அதைப் பேராசிரியர் அம்மா எனக்கு அப்புறம் பேசறாங்க, என்னை விட நல்லாவே சொல்லுவாங்க. நான் ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன், பொம்பளைங்க படிக்கணும்னு அந்தக் காலத்துலயே புத்தகம் எழுதினவரோட ஊர்ல, ஒரு பொம்பளை தன்னோட தீர்ப்பைத் தானே படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாம வாய்க்காலைச் சுத்தி நடக்கக் கூடாது.

அதனால 200-வது வருஷத்துக்கு மாலை மரியாதையெல்லாம் நடக்கட்டும், அதோட சேத்து நம்ம வட்டம் ஒரு மனு கொடுக்கணும்னு கேக்கறேன். மனுவுல ரெண்டே கோரிக்கைதான். 348-வது பிரிவோட ரெண்டாம் உட்பிரிவுப்படி மெட்ராஸ் ஹைகோர்ட்டுல தமிழுக்கு அனுமதி வேணும். அது வர்ற வரைக்கும், கட்சிக்காரர் கேட்டா தீர்ப்போட தமிழ் நகலைக் காசு வாங்காமக் கொடுக்கணும். மனுவைத் தமிழ்லதான் எழுதியிருக்கோம், வக்கீல் பொண்ணும் ஆசிரியர் ஐயாவும் உக்காந்து வரி வரியாப் பாத்தாச்சு. முன்வரிசையில இருக்கற மூத்த வழக்கறிஞர்கள் முதல் கையெழுத்துப் போட்டா எங்களுக்குப் பெரிய பலம், கையெடுத்துக் கேட்டுக்கறேன். மத்தவங்களுக்குத் தாள் வாசல்ல நூலகர் அம்மா மேசையில இருக்கு, கைநாட்டு வெக்கறவங்களுக்கு மையும் பக்கத்துலயே இருக்கு. அடுத்த கூட்டத்துல அவரோட இன்னொரு நாவல் சுகுண சுந்தரி ஆரம்பிக்கறோம், முதல் அதிகாரத்தை இந்தத் தடவை பொண்ணுங்கதான் படிக்கணும், பேர் கொடுக்கறவங்க இப்பவே கொடுத்துடுங்க. அப்புறம் வீட்டுல புரியாத கோர்ட்டுத் தாள் ஏதாச்சும் இருந்தா அதையும் எடுத்துகிட்டு வாங்க, படிச்சுச் சொல்ல ஆள் இருக்கு. நன்றி, வணக்கம்.