அண்டா எத்தனை மணிக்கு இறங்கியது?

(மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில், திருவிழா அன்னதானச் சமையல் குழுவினருக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அரிவாள்மனையை ஓரமாக வைத்துவிட்டு வந்திருக்கும் அக்காமார்களே, வணக்கம்.

சுகாதார அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் நம் கடைத் தெருவில் முதலில் தொப்பியைத் தேடுவார்கள். ஏப்ரனும் எங்கிருந்தோ வந்துவிடும். அதுவும் வேண்டியதுதான், டைபாய்டு ஊசி, உணவு கையாள்வோர் பயிற்சி எல்லாமே வேண்டும். இடம் அசுத்தமாகக் கிடந்தால் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி 14 நாள் வரை மூடச் சொல்லலாம். லைசென்ஸ் கொடுக்கும் நகராண்மைக் கழகம் வேறு, சுகாதார இலாகா வேறு. நம்மவர்கள் கோபத்தில் எங்கே போய்க் கத்துவது என்று தெரியாமல் இரண்டு இடத்திலும் கத்திவிட்டு வருகிறார்கள்!

ஆனால் அதிகாரி கண்ணில் படுவது, அவர் வந்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான். காலை 4 மணிக்கு வடித்த சோறு மதியம் 1 மணி வரை எப்படிக் கிடந்தது என்று கடையின் சுத்தத்துக்குக் கொடுத்து, சுவரில் தொங்கும் கிரேடு அட்டை சொல்லாது.

சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி எடுக்க வைக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே 'அதான் சூடு பண்ணிட்டோமே' என்ற பேச்சு இங்கே எடுபடாது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் ஆபத்து. பெரிய அண்டாவில் மேலே ஆறியிருக்கும், நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு நிற்கும்.

தோட்டத்து லயத்தில் பழைய சோறு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம் என்று ஐயா ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. அது தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்த சோறு. அந்தப் புளிப்பு பல கிருமிகளை அடக்கும். மூடி வைத்த அண்டாச் சோற்றில் அந்தப் புளிப்பு கிடையாது.

2018 அக்டோபரில் இதே மாநிலத்தில், பாலிங்கில், லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டு இரண்டு பேர் இறந்தார்கள். காரணம் சால்மோனெல்லா. அது நன்றாகக் கொதித்தால் சாகும் கிருமி. ஆனால் பச்சைக் கோழி வெட்டிய பலகையிலிருந்தோ கழுவாத கையிலிருந்தோ வெந்த உணவுக்குத் தாவிவிடும்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? விடியற்காலையில் மொத்தமாக வடிக்காதீர்கள். இரண்டு தடவையாக வடியுங்கள். இரண்டாவது அண்டா பந்தி தொடங்கும் நேரத்தில் இறங்கட்டும். சமைத்து 4 மணி நேரத்துக்குள் இலையில் விழ வேண்டும். இறக்கிய நேரத்தைச் சாக்பீஸால் அண்டா மேலேயே எழுதுங்கள். தேங்காய்ச் சட்னியைக் கடைசியில் அரையுங்கள். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் பரிமாற வேண்டாம்; உணவையும் இலையையும் தொடாமல் நாற்காலி அடுக்கட்டும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், யாருக்காவது வயிறு கலங்கியது என்று தெரிந்தால் கோயில் பேர் கெட்டுவிடும் என்று அண்டாவை அவசரமாகக் கழுவிக் கவிழ்க்காதீர்கள். மீதியை மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். கிளினிக்குக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மாதிரி எடுக்க வருபவர்களுக்கு அந்த மீதிதான் வேண்டும்.